நின்று எரியும் சுடர்

மு. வரதராசனின் 'அகல் விளக்கு' நாவலை இளமையில் படிக்கும்போது மனம் சந்திரன் பின்னால் ஓடும். தலை நரைத்த பிறகு படித்தால் கண் வேலய்யன் மேல் தங்கும். படிப்பவரின் வயதுக்கேற்ப நாயகனை மாற்றிக் காட்டும் கதை இது. இந்த நயம் எனக்கு எத்தனை முறை படித்தாலும் திகட்டியதில்லை.

மு.வ. 1912-இல் பிறந்தவர். வேலம் என்னும் சிற்றூரில் வளர்ந்து, திருப்பத்தூரில் தாலுகா அலுவலக எழுத்தராகவும், பிறகு பள்ளித் தமிழாசிரியராகவும் இருந்தவர். நாவலின் களமும் அந்த வட்டாரந்தான்: வாலாஜாப்பேட்டையும் பாலாறும். பெருங்காஞ்சியிலிருந்து படிக்க வரும் சந்திரன் அழகன், கெட்டிக்காரன். கதை சொல்லும் வேலய்யன் படிப்பில் சுமார். சந்திரனே சொல்லியிருந்தால் கதை புலம்பலாகியிருக்கும். ஆசிரியர் முன்னால் வந்து சொல்லியிருந்தால் உபதேசமாகியிருக்கும். நண்பனின் ஒளியில் மயங்கியவன் வாயால் கேட்பதால், நாமும் முதலில் மயங்கி, அவனோடு சேர்ந்தே மெல்லத் தெளிகிறோம்.

காலம் நகர்வதை மு.வ. காட்டும் விதமும் அழகு. பள்ளி, கல்லூரி, வேலை, திருமணம், குழந்தை என்று யார் வீட்டிலும் நடப்பவைதாம் கதையின் நாட்காட்டி. பெரிய திருப்பம் என்று ஒன்றைக் காட்டி, 'இங்கேதான் சந்திரன் கெட்டான்' என்று விரல் நீட்ட முடியாது. சிறு சிறு விலகல்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஒரு வாழ்க்கையைச் சாய்த்துவிடுகின்றன. கடைசியில் தொழுநோயோடு வருகிறான். அந்தக் காலத்தில் அந்நோய் மீது இருந்த அச்சத்தை நினைத்துப் படிக்க வேண்டும். அதே வட்டாரத்தில், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். 1950-களில் கரிகிரியில் தொழுநோய் மருத்துவமனையும் எழுந்தது. ஊர் ஒதுக்கிய நோயாளியைச் சந்திரன் என்ற பெயரோடும், அவன் மேல் மாறாத நட்போடும் வாசகர் மடியில் வைத்தார் மு.வ. 1961-இல் இந்நாவல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

'அறமும் அரசியலும்' என்று ஒரு நூலுக்குப் பெயரிட்டவர் அவர். அந்த இரண்டு சொற்களையும் பிரிக்காமல் பார்த்த மனம் இந்நாவலிலும் வேலை செய்வதாகவே உணர்கிறேன். 1952-இல் நடந்து முடிந்த முதல் பொதுத்தேர்தல் சந்திரனுக்கும் ஒரு வாக்கு, வேலய்யனுக்கும் ஒரு வாக்கு என்றது. அந்தச் சமத்துவம் மகத்தானது. ஆனால் தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடைப்பட்ட நீண்ட நாட்களில் குடியாட்சியைத் தாங்குபவர்கள், சொன்ன நேரத்துக்கு வந்து, எடுத்த வேலையை முடிக்கும் வேலய்யன்களே.

அதற்குச் சான்று தேட வேலூரைத் தாண்ட வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் கழிவால் வேலய்யனின் பாலாறு கெட்டது. 1991-இல் வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் சென்றது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற நெறியை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கிய தீர்ப்பு, 1996 ஆகஸ்ட் 28-இல் வந்தது. சிக்கல் அதோடு தீரவில்லை. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசுக்காக அதே நீதிமன்றம் இழப்பீட்டு ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. வழக்குத் தொடுத்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருந்தது. இத்தனை காலமும் மனு எழுதி, நீரைச் சோதித்து, வாய்தாவுக்கு வாய்தா அலைந்தவர்களின் பெயர் ஊருக்குத் தெரியாது.

மின்னுபவர்களைக் கைதட்டி வரவேற்க நமக்குத் தெரியும். நின்று எரிபவர்களை அடையாளம் காண வயதும் பொறுமையும் வேண்டும். மு.வ.வை ஒருமுறை படித்து ஓரம் வைத்தவர்கள், ஐம்பதைத் தாண்டியபின் இன்னொரு முறை எடுத்துப் படியுங்கள். வேலய்யனுக்கு நாம் தர வேண்டிய மரியாதை இன்னும் பாக்கி இருக்கிறது.