நிதிச் செய்தியும் நடுவுநிலைமையும்

நடுவுநிலைமைக்கு உவமை கூறப் புகுந்த வள்ளுவர் துலாக்கோலைத் தேர்ந்தார். நிறுத்துக் காட்டுவதே கோலின் தொழில்; 'இதனை வாங்குக' என அஃது உரைப்பதில்லை. தொலைக்காட்சியின் நிதிச் செய்தியிலோ நிறுத்தலும் உரைத்தலும் ஒரே திரையில் நிகழ்கின்றன. திரையின் அடியிற் பங்குகளின் விலைகள் இடையறாது ஓடுகின்றன. அவை சரிபார்க்கத் தக்க எண்கள். மேலே ஒருவர் பேசுகின்றார். அவர் கூறுவது செய்தியோ தம் கருத்தோ என்பது எப்பொழுதும் புலப்படுவதில்லை. எண்ணுக்குரிய நம்பிக்கையைச் சொல்லும் இரவலாகப் பெற்றுவிடுகின்றது.

அமெரிக்காவின் சி.என்.பி.சி. ஒளிபரப்பில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் இதற்குச் சான்றாம். ஜிம் கிறேமர் 2005இல் தொடங்கிய 'மாட் மணி' கருத்துரைக்கென்றே அமைந்தது. 2008 மார்ச் 11இல், பெயார் ஸ்ரேண்ஸ் நிறுவனத்திலிருந்து பணத்தை மீட்கவேண்டுமோ என நேயர் ஒருவர் வினாவினார். நிறுவனம் நலமாகவே உள்ளது, மீட்கவேண்டா என்றார் கிறேமர். அன்று அறுபது டொலருக்கு மேல் விலைபெற்ற பங்கை, ஐந்து நாளில் 2 டொலர் வீதம் ஜே. பி. மோர்கன் சேஸுக்கு விற்க உடன்பாடாயிற்று. பின்னர் அவ்விலை 10 டொலராக உயர்த்தப்பட்டது. தாம் குறித்தது வைப்பிலிருந்த பணத்தையே, பங்கையன்று எனக் கிறேமர் விளக்கினார். விளக்கம் மெய்யேயாயினும், கேட்டோர் அனைவரும் அவ்வேறுபாட்டை உணர்ந்திருப்பரோ?

இரண்டாவது இன்னும் நுண்ணியது. றிக் சன்ரெலி சந்தை நிலையைச் சிக்காகோ வணிகக் களத்தினின்று அறிவிப்பவர். 2009 பெப்ரவரி 19இல், ஜனாதிபதி ஒபாமா முந்திய நாள் வெளியிட்ட வீட்டுக்கடன் உதவித் திட்டத்தை அவர் செய்தி நேரத்திலேயே கடிந்துரைத்தார். அயலாரின் கடனைச் செலுத்த விரும்புவோர் உளரோ எனச் சூழநின்ற வணிகரை வினாவினார், அவர்கள் ஆரவாரித்தனர். 1773இல் பொஸ்ரன் துறையில் தேயிலையைக் கடலில் எறிந்தோரை நினைவூட்டிய அவ்வுரை, 'ரீ பார்ட்டி' என்னும் அரசியல் இயக்கம் எழத் தூண்டுகோலாயிற்று.

கிறேமர் கருத்துரைப்பவராகவே அமர்ந்து கருத்துரைத்தார். அவர் தீர்ப்புப் பிழைக்கலாம், வேடம் பிழைக்கவில்லை. சன்ரெலியோ அறிவிப்போன் நிலையில் நின்றே வழக்காடினார். அவர் கொள்கை சரியோ தவறோ என்பதன்று வினா. களத்து வணிகரின் ஆரவாரம் நாட்டின் குரல்போல் ஒலித்தது. வீட்டை இழக்கும் நிலையில் இருந்தோர் அக்களத்தில் இல்லை.

கருத்தின்றிச் செய்தி இல்லை எனச் சிலர் கூறுவர். எதனை முதலிற் சொல்வது எனத் தேர்வதும் கருத்தே, அது மெய். ஆயினும், கருத்தைக் கருத்தென்று அறிவித்தலும், அங்கில்லாதார் பக்கத்தையும் உரைத்தலும் இயலாதன அல்ல. அதுவரை, காண்போர் கோலின் முள்ளை மட்டுமன்றி அதனைப் பிடித்த கையையும் நோக்குதல் வேண்டும்.