ராட்டை யாருடையது?

அமிர்தசரஸில் 2017இல் திறந்த பிரிவினை அருங்காட்சியகத்தின் பொருள்களில் பல, 1947இல் எல்லை தாண்டி வந்த குடும்பங்கள் கொடுத்தவை. பிரீதம் கவுரின் ஃபுல்காரி மேலங்கியும் பகவான் சிங் மைனியின் தோல்பெட்டியும் பெயர்பெற்றவை. கல்யாணம் பேசி முடித்திருந்த இருவரும் அகதி முகாமில் மறுபடி சந்தித்து மணந்துகொண்டார்கள். எல்லோரும் இந்தக் காதலைத்தான் சொல்கிறார்கள். எனக்கு முக்கியம் வேறு: அந்த மேலங்கி வெறும் ‘பஞ்சாபிப் பெண் உடை’ ஆகிவிடவில்லை, பிரீதம் கவுருடையதாகவே இருக்கிறது.

நான் சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். தாத்தா குழித்தறியில் இறங்கும் முன்பே அம்மாயி ராட்டையில் தார் சுற்றத் தொடங்கியிருப்பார். தார் இல்லாமல் நாடா ஓடாது. கூலி மட்டும் ஒன்றுதான். அதுவும் தாத்தா கணக்கில்.

நாளை இங்கே ஊரார் பொருள் கொடுத்து நெசவு அருங்காட்சியகம் ஒன்று எழுந்தால் தறி வந்துவிடும், கொடுத்த பேரனின் பெயரோடு. ராட்டை வருமா? எங்கள் வீட்டில் தாத்தாவின் நாடா இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ராட்டையை, அம்மாயி இறந்த வருஷமே உடைத்து வெந்நீர் அடுப்பில் வைத்தோம். விறகை எடுத்துக் கொடுத்தது நான்தான்.