சலவைக்கல்லுக்குப் பற்று

சலவைக்கல் தரையில் கறை கண்டதும் ஆசிட் பாட்டிலைத் தேடுகிறார்கள். அது பலிக்காவிட்டால் பாலிஷ் மெஷினுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். இரண்டிலும் கறை போகலாம், கூடவே கல்லும் போகிறது. மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்து கிடந்தாலே மேல்தோல் கரைந்து மங்கிவிடும். அப்படிப்பட்ட கல்லில் ஆசிட் ஊற்றுவதைத் துப்புரவு என்று எப்படிச் சொல்வது? கறை எடுக்கும் வித்தைகளில் எனக்கு உயர்வாகத் தோன்றுவது, அரிக்காமலும் தேய்க்காமலும் கறையை வெளியே வரவழைக்கும் பற்றுதான்.

கண்ணுக்கு வழவழவென்று தெரிந்தாலும் மார்பிளுக்குள் நுண்துளைகள் உண்டு. சிந்திய எண்ணெயும் டீயும் அவற்றின் வழியே இறங்கிவிடுகின்றன. மேலே எவ்வளவு தேய்த்தாலும் அசையா. கறையைக் கரைக்கும் திரவத்தில் களிமண்ணையோ வேறு உறிஞ்சும் பொடியையோ கெட்டியாகக் குழைத்து, கறைமேல் அப்பி, பாலிதீன் தாளால் மூடிவைக்கிறார்கள். திரவம் உள்ளே இறங்கிக் கறையைக் கரைக்கும். பிறகு தாளை எடுத்துவிட்டால், பற்று காயக் காய, திரி எண்ணெயை இழுப்பதுபோல உள்ளிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரத்தோடு கறையும் வந்து மண்ணில் தங்கும். கைத்திறன் முழுவதும் நோயறிவதிலும் காத்திருப்பதிலும் இருக்கிறது. எண்ணெய்க்கு அசிட்டோன், டீ, மஞ்சள் வகைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. பூந்தொட்டியின் இரும்புத் தாங்கி விட்டுப்போன துரு இரண்டுக்கும் மசியாது, அதற்கு மருந்து தனி. அரைகுறையாகக் காய்ந்த பற்றை அவசரப்பட்டு வழித்தெடுத்தால் பாதிக் கறை கல்லிலேயே நின்றுவிடும்.

இந்த வித்தையைப் பெரிய அளவில் பார்க்க ஆக்ராவுக்குப் போக வேண்டும். தாஜ்மகாலின் மக்ரானா மார்பிள் மஞ்சளித்தபோது இந்தியத் தொல்லியல் துறையினர் 1994, 2001, 2008, 2014 எனப் பல தடவை முல்தானி மட்டியைச் சுமார் 2 மில்லிமீட்டர் கனத்தில் பூசி, காய்ந்ததும் காய்ச்சி வடித்த நீரால் கழுவினார்கள். பெண்கள் முகத்துக்குப் பூசும் அதே மண். பிளாரன்ஸில் இதற்கு நேர்மாறு நடந்தது: மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலையை 1843இல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவினார்கள், மேற்பரப்புக்கு நேர்ந்த சேதம் மீளவேயில்லை. அதே சிலையை 2003இல் சுத்தம் செய்ய முனைந்தபோது, வேலையை ஏற்றிருந்த ஆக்னேசே பர்ரோங்கி, உலர்ந்த தூரிகை போதும், நீர்ப் பற்றுகூட வேண்டாம் என்று வாதிட்டுப் பணியிலிருந்து விலகினார். சின்சியா பர்னிகோனி காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பற்றுகளைக் கொண்டு 2004இல் பணியை முடித்தார். பர்ரோங்கியின் தயக்கம் மதிப்புக்குரியது. ஆனாலும் அவர்கள் தகராறு ஈரமா உலர்வா என்பதில்தான். அமிலத்தை இருவருமே தொடவில்லை.

பற்றுப் போட்டாலும் கறை திரும்ப வருகிறதே என்பார்கள். உண்மை. தாஜ்மகாலில் படிவதில் தூசியோடு, குப்பையும் விறகும் எரிவதால் வரும் கரித்துகள்களும் உண்டென்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. காற்று திருந்தாதவரை மண் பூசிக்கொண்டேதான் இருக்க வேண்டும். வீட்டுத் தரையிலும், அடியிலிருந்து ஏறும் ஈரம் கல்லிலுள்ள இரும்பைத் துருவாக்கினால் மஞ்சள் மறுபடி தலைகாட்டும். இந்த வாதம் பற்றுக்குச் சாதகமாகவே முடிகிறது என்பேன். திரும்பத் திரும்ப வரும் கறைக்கு, திரும்பத் திரும்பச் செய்தாலும் கல் தேயாத வைத்தியம்தானே வேண்டும்? மெஷின் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கல்லைத் தின்றுவிடுகிறது. மெஷினே ஆகாது என்பதற்கில்லை. புளியோ எலுமிச்சையோ விழுந்த மங்கிய தடம் கறையல்ல, அரிப்பு. இழுத்தெடுக்க அங்கே எதுவும் இல்லை, பாலிஷ்தான் வழி. மற்றபடி, தரை துலக்க வருபவர் கறை எதனால் வந்தது என்று முதலில் கேட்கிறாரா பாருங்கள். கேட்காமலே பக்கெட்டில் ஆசிட் கலக்குபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.