‘நூன்’ நகர்ந்தது ஏன்?

ஆங்கிலத்தில் ‘நூன்’ என்றால் பகல் பன்னிரண்டு மணி. பிறப்பின்படி அது பிற்பகல் மூன்றைத்தான் குறிக்க வேண்டும். ஒன்பதாம் மணி எனப் பொருள்படும் ‘நோனா ஹோரா’ என்ற லத்தீன் தொடர்தான் அதன் மூலம். சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரையிலான பகலை ரோமானியர் பன்னிரண்டு கூறாக்கினார்கள். ஒன்பதாம் கூறு முடியும்போது ஏறத்தாழ மூன்று மணி. கிறித்தவ மடங்களில் அவ்வேளைச் செபத்துக்கும் ‘நோனா’ என்றே பெயர். பழைய ஆங்கிலமும் இந்தப் பொருளிலேயே சொல்லை ஏற்றது. 14ஆம் நூற்றாண்டுக்குள் அது உச்சிப்பொழுதுக்கு வந்துவிட்டது. ஏன்?

வட ஐரோப்பியக் குளிர்காலத்தின் குறுகிய பகல் காரணமாக இருக்குமோ? கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. ஒரு கூறு சுமார் 39 நிமிடம். ஒன்பதாவது கூறு முடிய இரண்டு மணி ஆகிவிடும். கோடையிலோ நான்கைத் தாண்டும். பன்னிரண்டு எட்டவே எட்டாது.

இயந்திரக் கடிகாரமும் காரணமல்ல. மிலான் நகரில் மணிதோறும் ஒலிக்கும் பொதுக் கடிகாரம் வந்தது 1336இல். அதற்குச் சுமார் முப்பது ஆண்டுகள் முன்பே, ‘கொன்விவியோ’ நூலில், நோனா மணி ஏழாம் மணியின் தொடக்கத்தில், அதாவது நண்பகலில், ஒலிக்க வேண்டும் என்று இத்தாலியக் கவிஞர் தாந்தே எழுதிவிட்டார். மாற்றம் இங்கிலாந்துக்கு மட்டும் உரியதல்ல என்பதும் இதனால் தெளிவாகிறது.

எஞ்சுபவை இரண்டு. பசி பொறுக்காத துறவிகள் செபத்தை முன்னே இழுத்தார்கள் என்பது ஒன்று. நகரத் தொழிலாளர்களுக்கு வேலைநாளைப் பாதியாகப் பிரிக்கும் இடைவேளை தேவைப்பட்டது என்பது வரலாற்றாசிரியர் ழாக் லெ காஃப் முன்வைத்த மற்றொன்று.

லெ காஃப் சொல்வதற்கு வலு உண்டு. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த மட ஒழுங்கின் 48ஆம் அதிகாரம், கோடையில் நோனாவை எட்டாம் மணியின் நடுவிலேயே சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பச் சொல்கிறது. ஆக, செபத்தை முன்தள்ள வழிவிட்டது விதியேதான். அங்கே பேச்சு வேலையைப் பற்றியது, உணவைப் பற்றியதல்ல.

ஆனால் அதே ஒழுங்கின் 41ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். செப்டம்பர் நடுவிலிருந்து தவக்காலம் தொடங்கும்வரை நோனா வேளையில்தான் உணவு; தவக்காலத்தில் மாலைச் செபத்துக்குப் பிறகுதான். நோன்பின் கட்டுப்பாடு மடத்துக்கு வெளியிலும் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், நோன்பாளர் ஒன்பதாம் மணியளவில் உண்ணலாம், நுணுக்கமாகக் கணக்கிட வேண்டாம், உத்தேசம் போதும் என்கிறார். செபம் முடிந்தால் உண்ணலாம் என்பது விதியானால், உணவு வேளை முன்னே வர வேண்டுமென்றால் செபமும் முன்னே வந்தாக வேண்டும்.

இதை உறுதிப்படுத்துவது தவக்கால மாலைச் செபம். பிற்காலத் திருச்சபை வழக்கத்தில், தவக்காலத்தின் வாரநாள்களில் அது நண்பகல் உணவுக்கு முன்பே சொல்லப்பட்டது. மாலைக்குரிய செபம் முற்பகலுக்கு வந்ததை நகரத்து வேலை இடைவேளையால் விளக்க முடியாது. நோன்பு விதியால் விளக்க முடியும். இரண்டு செபங்களையும் ஒரே திசையில் நகர்த்திய காரணத்தையே நான் முதன்மையாகக் கொள்கிறேன்.

எனவே என் முடிவு: நோனாவை உச்சிக்கு இழுத்தது நோன்பு முறிக்கும் உணவு, அதை அங்கே நிலைக்க வைத்ததில் வேலை இடைவேளைக்குப் பங்குண்டு. துறவிகளின் பசி பொறுக்காமையே காரணம் என்ற பேச்சைக் கைவிட வேண்டும். மடத்தின் விதியே இடம் கொடுத்தது, பெரிய இறையியலாளரே நெகிழ்வை ஏற்றார், மடத்துக்கு வெளியே இருந்தவர்களும் அதே நோன்பைக் காத்தார்கள். பல நூற்றாண்டு வழக்கத்தை ஒரு கூட்டத்தாரின் குணக்கேடாகச் சுருக்குவது சான்றுக்குச் செய்யும் அநீதி.