தேய்க்கத் தேய்க்க வெளிப்படும் தரை

வீட்டுத் தரைகளில் மொசைக் தரைக்குத்தான் முதல் மரியாதை தருவேன். அதன் அழகு மேலே பூசியது அல்ல, உள்ளேயே இருப்பது. வெள்ளை சிமென்டில் நிறப்பொடி கலந்து, பளிங்குக் கல் சில்லுகளைச் சேர்த்து, கண்ணாடிப் பட்டைகளால் பிரித்த கட்டங்களுக்குள் போட்டு அழுத்துகிறார்கள். அந்த நேரத்தில் பார்த்தால் வெறும் சேறுதான். ஒரு வாரம் தண்ணீர் கட்டி இறுகவிட்டு, 60, 120, 320 என்ற எண் வரிசையில் வரவர நைசாகும் தேய்ப்புக் கற்களால் மெஷின் வைத்துத் தேய்க்கும்போது ஒவ்வொரு சில்லும் வெட்டுமுகம் காட்டுகிறது: ஒன்று முக்கோணம், பக்கத்தில் பாதாம் பருப்பளவில் ஒரு கறுப்பு, நடுவே மெல்லிய பச்சைக் கீற்று. அச்சடித்த டைல்ஸில் சில பெட்டிகளுக்கு ஒருமுறை அதே டிசைன் திரும்பிவிடும். இங்கே ஒரு சாண் தரை இன்னொரு சாண் போல இருக்காது.

விரிசல் விடும், கறை பிடிக்கும் என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் பெரும்பாலான விரிசல்கள் கட்டங்களைப் பெரிதாக விட்டதாலும் அடித்தளத்தைச் சரியாக இறுகவிடாததாலும் வருபவை. எலுமிச்சையும் புளியும் பளிங்கை அரிக்கும்தான். அந்த மங்கலை மறுபடி தேய்த்து எடுத்துவிடலாம், ஏனென்றால் கல் அடிவரை அதே கல். மேற்பூச்சு தேய்ந்துபோன டைல்ஸைப் பெயர்த்துத்தான் எறிய வேண்டும். வேலை நடக்கும் நாட்களில் வீடு முழுக்கக் கல்சேறு ஓடும் என்ற குறைக்கு மட்டும் பதில் இல்லை. குடிவருவதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.