சுண்ணாம்பு மண்ணில் அடி கருகும் தக்காளி

சேலம், நாமக்கல் சந்தைகளில் தக்காளி இரண்டே சாதி. தட்டையாய், புளிப்பாய், கை பட்டால் கசியும் நாட்டுத் தக்காளி ஒன்று, ரசத்துக்கு அதுதான். முட்டை வடிவில், தடித்த தோலும் கெட்டிச் சதையுமாய் வரும் பெங்களூர் தக்காளி மற்றொன்று. புறக்கடையில் இந்த நீள் தக்காளியை நட்டவர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு: காய் எலுமிச்சை அளவு வந்ததும் அடிப்பக்கம் கருத்துக் குழிந்துபோகும். "கால்சியம் பத்தலைங்க, முட்டை ஓட்டைப் பொடிச்சுப் போடுங்க" என்பார்கள். நாமக்கல்லில் முட்டை ஓட்டுக்கா பஞ்சம்? போட்டாலும் கருகுகிறது.

யாழ்ப்பாணத்து மண்ணோடு ஒப்பிட்டால் காரணம் புலப்படும். குடாநாடு சுண்ணக்கல் மீது கிடக்கும் செம்மண் நிலம். கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலில் வெள்ளை படியும். சேலம் சமவெளியிலும் பல இடங்களில் செம்மண்ணைக் கிளறினால் சுக்கான்கல் வரும். இரண்டு ஊர் மண்ணிலும் சுண்ணாம்புச் சத்துக்குப் பெரிய குறையில்லை. குறை, அது காய்க்குப் போய்ச் சேர்வதில். கால்சியம் நீரோடுதான் செடியில் ஏறும். வெயிலில் நீரை ஆவியாக்கும் இலைகளே பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும். காய்க்குக் கிடைப்பது கொஞ்சம். வேர் ஒரு நாள் காய்ந்து மறுநாள் மூழ்கினால் அந்தக் கொஞ்சமும் காயின் கடைசி முனைக்கு எட்டாது. நீள் தக்காளி இதில் கூடுதலாக அடிபடும்.

ஆகவே ஒப்பிட வேண்டியது தண்ணீர் பாய்ச்சும் பழக்கத்தை. யாழ்ப்பாணத்து வளவில் கிணறு உண்டு. துலா மிதித்துப் பட்டையால் அள்ளிய காலத்திலிருந்து பம்பு வந்த பிறகும், சின்னச் சின்னப் பாத்திகளுக்கு முறைவைத்து இறைப்பதே அங்கே தோட்டக்காரரின் ஒழுங்கு. நடுவதற்கு முன் பூவரசங்குழை, பனையோலை ஆகியவற்றை மண்ணில் தாழ்க்கும் வழக்கமும் உண்டு; மக்கிய குழை ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

நம் ஊர்த் தெருக்களில் காவிரிக் குடிநீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. வந்த அன்று செடிக்கு வெள்ளம். அடுத்த முறை வரும்வரை பாலைவனம். மொட்டை மாடிப் பையில் வளர்ந்தால் நிலை இன்னும் மோசம். போதாக்குறைக்கு, எளிதாகக் கிடைக்கிறதென்று மக்காத கோழி எருவை அள்ளிப் போடுகிறோம். தழைச்சத்து மிஞ்சி இலை செழிக்கும். செழித்த இலை காய்க்குரிய பங்கையும் குடித்துவிடும்.

பருவத்திலும் வேறுபாடு உண்டு. குடாநாட்டில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்த பிறகே தக்காளி நிமிரும். சேலத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவ மழையிலும் பங்கு கிடைப்பதால் ஆனியிலும் நடலாம். ஆனால் பங்குனி, சித்திரையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும்போது பூ உதிரும். கார்த்திகையில் நட்டுத் தை, மாசியில் பறிப்பதே உத்தமம்.

மக்களைத் தோட்டத்துக்கு இழுத்த காரணமும் ஒன்றல்ல. 2022 ஜூனில் உணவு நெருக்கடியின்போது இலங்கை அரசு, வீட்டில் பயிர் செய்யட்டும் என்று அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்தது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு சென்னையின் நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. அங்கே பஞ்ச பயம், இங்கே விலை பயம்.

யாழ்ப்பாணம் நம்மிடம் கற்கவும் ஒன்று உண்டு. குடாநாட்டில் நிலத்தடி நீரே உயிர். உரம் மிஞ்சினால் நைட்ரேட் கிணற்றில்தான் இறங்கும். அளந்து சொட்டும் சொட்டுநீர்ப் பாசனம் அதைக் குறைக்கும். தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு அதற்கு முழு மானியம் கிடைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், காட்டில் சொட்டுநீர் போட்டவரே வீட்டுப் புறக்கடையில் குழாயைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறார்.

இரண்டு ஊர் வழியையும் சேர்த்தால் போதும். குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வையுங்கள். தினமும் காலையில் கொஞ்சமாக ஊற்றுங்கள். தூரில் கரும்புச் சோகையோ தென்னை மட்டையோ பரப்புங்கள். ஏற்கெனவே கருகிய காய் திரும்பாது, பறித்துவிடுங்கள். ஈரம் சீரானால் அடுத்த கொத்து தப்பும்.