எண்ணுதலும் அறிதலும்

பொதுமக்களின் வரிப்பணத்தில் நடைபெறும் எந்தப் பணிக்கும் கணக்கு ஒப்புவிக்கப்பட வேண்டும் என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும், ஒப்புவிக்கப்படும் கணக்கு எதை மெய்ப்பிக்கிறது, எதை மெய்ப்பிக்கவில்லை என்று பகுத்தறியாவிடில், கணக்கே நம்மை ஏமாற்றிவிடக்கூடும். ஐக்கிய அமெரிக்க நாடுகளில் வாலிபருக்கான பாலியல் நலக் கல்வித் திட்டங்களின் செயல்பாட்டு விவரங்கள் சேகரிக்கப்படும் முறையை இந்நோக்கில் ஆராய்வது பயன் தரும்.

அந்நாட்டில் 1996 ஆம் ஆண்டின் சமூகநலச் சீர்திருத்தச் சட்டம், திருமணம் வரை பாலுறவைத் தவிர்க்கும்படி போதிக்கும் கல்விக்கு ஆண்டுதோறும் 5 கோடி டாலர் ஒதுக்கியது. 2010 இல் இயற்றப்பட்ட மருத்துவக் காப்புச் சட்டம், தவிர்த்தலோடு கருத்தடை முறைகளையும் கற்பிக்கும் தனிநபர் பொறுப்புக் கல்வித் திட்டத்தை ஆண்டுக்கு 7.5 கோடி டாலரில் தோற்றுவித்தது. இவ்விரு போதனைகளில் எது சிறந்தது என்பது இக்கட்டுரையின் பொருளன்று. பயன் எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதே நம் வினா.

பொறுப்புக் கல்வித் திட்டத்தில் நிதி பெற்ற நிறுவனங்கள், எத்தனை வாலிபர் சேர்ந்தனர், வகுப்பு நேரத்தில் முக்கால் பங்கையேனும் எத்தனை பேர் நிறைவு செய்தனர், நடத்துநர் எவ்வாறு பயிற்சி பெற்றனர் என்பவற்றைத் தெரிவிக்க வேண்டியிருந்தது. தொடக்கத்திலும் முடிவிலும் மாணவரிடம் வினாத்தாள்களும் அளிக்கப்பட்டன. வளர்ப்புப் பராமரிப்பில் உள்ளோரும் வீடற்றோருமான வாலிபரைத் திட்டம் சென்றடைந்ததா, எங்கே வருகை குறைந்தது என்பவற்றை அறிய இவ்விவரங்கள் உதவுகின்றன. இது சிறிய நன்மையன்று.

குறைபாடு வேறிடத்தில் உள்ளது. 'இத்திட்டத்தின் காரணமாக நீங்கள் பாலுறவைத் தவிர்க்கும் வாய்ப்பு கூடியுள்ளதா, குறைந்துள்ளதா?' என்னும் பாங்கில் இறுதி வினாத்தாள் கேட்கிறது. வகுப்பிற்கு வராதிருந்தால் தான் எவ்வாறு நடந்திருப்பான் என்பதை எந்த வாலிபனும் அறியான். தனக்கு அன்பாய்க் கற்பித்தவரை மகிழ்விக்கும் விடையையே அவன் தேர்ந்தெடுக்கக்கூடும். மேலும், இறுதி நாளில் வந்திருப்போரே விடையளிக்கின்றனர்; இடையில் விலகிச் சென்றவர்களின் குரல் அவ்வறிக்கையில் ஒலிப்பதில்லை. ஒருவேளை அவர்களுக்கே உதவி மிகுதியாய்த் தேவைப்பட்டிருக்கலாம்.

ஒப்பீடின்றி எண்கள் எவ்வளவு தவறான பொருள் தரக்கூடும் என்பதற்குச் சான்று உண்டு. பாராளுமன்றத்தின் கட்டளைப்படி மேத்தமேட்டிகா நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2007 இல் வெளிவந்தன. தவிர்த்தலைப் போதித்த நான்கு திட்டங்களில், 2,000 க்கும் மேற்பட்ட மாணவர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, நான்கு முதல் ஆறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வினவப்பட்டனர். போதனை பெற்றோரில் ஏறக்குறைய பாதிப் பேர் பாலுறவைத் தவிர்த்திருந்தனர். இவ்வெண் மட்டும் வெளியிடப்பட்டிருந்தால் பெரும் வெற்றியென்று கொண்டாடப்பட்டிருக்கும். ஆனால் போதனை பெறாதோரிலும் அதே அளவினர் தவிர்த்திருந்தனர். பாதுகாப்பற்ற உறவு பெருகும் என்று சிலர் கொண்டிருந்த அச்சத்தையும் அவ்வாய்வு உறுதிப்படுத்தவில்லை என்பதை நேர்மையோடு குறிப்பிட வேண்டும்.

இதே எச்சரிக்கை தேசியப் புள்ளிவிவரங்களுக்கும் பொருந்தும். 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஆயிரத்திற்கு 61.8 ஆக 1991 இல் இருந்த பிரசவ விகிதம் 2023 இல் ஏறக்குறைய 13 ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சிக்குத் தானே காரணமென்று எந்தத் திட்டமும் எளிதில் உரிமை கொண்டாடலாம். வெறும் வருகைப் பதிவு அவ்வுரிமையை நிலைநாட்டாது.

எல்லா வகுப்புகளுக்கும் குலுக்கல் முறை ஆய்வு இயலாது, அது பெருஞ்செலவாகும் என்று கூறுவோர் உளர். அது உண்மையே. ஆகவே செயல்பாட்டு விவரங்களைக் கைவிடும்படி நாம் கோரவில்லை. நிர்வாகத்திற்கு உதவும் அவற்றைப் பயனுக்குச் சான்றாக உயர்த்தலாகாது என்றே கூறுகிறோம்.

மற்றொன்றும் கருதத்தக்கது. 1980 இல் இயற்றப்பட்டு 1995 இல் திருத்தப்பட்ட எழுத்துவேலைக் குறைப்புச் சட்டத்தின்படி, ஒரு வினாத்தாளை நிரப்ப எவ்வளவு நேரமாகும் என்பதை அரசுத்துறை முன்கூட்டியே கணித்து வெளியிட வேண்டும். ஆனால் தன் அந்தரங்கத்தைத் தாளில் எழுதும் ஒரு பெண்பிள்ளை செலவிடுவது நேரம் மட்டுமன்று, நம்பிக்கையும் ஆகும். இக்காரணம்பற்றி, நடுநிலைப்பள்ளி மாணவருக்கான தாளில் பாலுறவு நடத்தை பற்றிய வினாக்கள் விடப்பட்டமை ஏற்கத்தக்கதே.

அந்நாட்டில் இத்தகைய நிதியைப் பெற்றோருள் சமயச் சார்புள்ள நிறுவனங்களும் இருந்தன. எனவே இது அதிகாரிகளுக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. வாலிபர் முகாம்களையும் ஆலோசனை வகுப்புகளையும் நடத்தும் ஆயர்களாகிய நாமும், அறிக்கையில் ஓர் எண்ணை எழுதுமுன் மூன்று வினாக்களை எழுப்புவோமாக: யார் இதில் எண்ணப்படவில்லை? எதனோடு ஒப்பிட்டு இதைப் பயன் என்கிறோம்? விடை பாதகமாயிருப்பின் நம் முறையை மாற்ற ஆயத்தமாயிருக்கிறோமா? மூன்றாவதற்கு 'ஆம்' எனச் சொல்ல இயலாதவர் பிள்ளைகளிடம் அவ்வினாத்தாளை நீட்டாதிருப்பதே நலம்.